பாகூரில் சாப்பாடு எங்கே?

பாகூர் மூலநாதர் கோயில் சுவர்களிலே சோழர் கல்வெட்டுகளும் இராஷ்டிரகூடர் கல்வெட்டுகளும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவர ஒரு நாள் காலையில் புதுச்சேரியிலே பஸ் ஏறினேன். கல்வெட்டுப் பார்க்கிறவனுக்குப் பொழுது போவது தெரியாது, வயிற்றுக்குத் தெரியும். ஒரு மணிக்கு வெளியே வந்து, டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம், "ஐயா, இங்கே சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?"

"யார் வீட்டுக்கும் இல்லை."

"அப்படின்னா கடையிலேதான் சாப்பிடணும்" என்றார், எனக்காக வருத்தப்படுகிறவர் போல.

ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களுக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகிறவர்கள், எந்த விடுதியிலே எது ருசி என்று புத்தகம் பார்த்துவிட்டே போகிறார்கள். நமக்கு அந்த வழக்கம் இல்லையென்று நினைத்துவிடாதீர்கள். புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள ஓய்மா நாட்டுக்கு அப்படியொரு புத்தகம் சங்க காலத்திலேயே உண்டு. நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படைதான் அது. நல்லியக்கோடனைக் காணப் போகும் ஏழைப் பாணனுக்கு, வழியில் எங்கெங்கே என்னென்ன கிடைக்கும் என்று அதிலே சொல்லியிருக்கிறது. எயிற்பட்டினத்திலே நுளைச்சியர் வடித்த பழங்கள்ளும் சுட்ட குழல்மீனும். அந்த ஊர்தான் மரக்காணம் என்று பலர் கருதுகிறார்கள். வேலூரிலே எயினர் வீட்டில் புளி சேர்த்த சுடுசோறும் ஆமான் இறைச்சியும். (இது கோட்டை இருக்கிற வேலூர் அல்ல.) ஆமூரிலே உழவர் வீட்டில் நன்றாகக் குற்றிய அரிசிச் சோறும் நண்டுக் கலவையும். மீனவர், வேடர், உழவர் என்று எல்லா வீட்டிலும் பாணனுக்கு இலை விழுகிறது. காசு என்ற பேச்சே இல்லை.

பாகூருக்கு வருவோம். பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய 877-ல், நிலைதாங்கி என்ற தலைவனின் வேண்டுகோளின்படி, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று கிராமங்கள் இவ்வூர் வித்யாஸ்தானத்துக்குக் கிடைத்தன. பாகூர்ச் செப்பேடு சொல்லும் செய்தி இது. வித்யாஸ்தானம் என்றால் கல்லூரி. மூன்று கிராமத்து விளைச்சலிலே ஒரு கல்லூரி பிழைத்தது.

அங்கே என்ன பரிமாறினார்கள் என்று செப்பேடு சொல்லவில்லை. இம்மாதிரிச் சமாசாரங்களுக்கு விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரத்துக்குத்தான் போகவேண்டும். இராஜேந்திர சோழன் காலத்திலே அங்கே 340 மாணவர்கள் படித்தார்கள். இளையவர் 270 பேருக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல்; மேல்படிப்புக்காரர் 70 பேருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது 10 நாழி. ஐந்து நாழி நெல்லுக்கு இரண்டு நாழி அரிசி என்பது அக்காலத்துக் கணக்கு. அந்தக் கணக்கிலே, மீமாம்சை படித்தவருக்குத் தினம் நாலு நாழி அரிசி! அத்தனையும் ஒருவர் வயிற்றுக்குள் போயிருக்காது. உப்பும் புளியும் அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

என் சரித்திர நாவல் ஒன்றிலே இப்படியொரு பந்தியை இரண்டு அத்தியாயம் வர்ணித்திருக்கிறேன். நெய் மணக்கிறது என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். அந்த நெல்லை விளைவித்த உழவன் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டான் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் எழுதத் தோன்றவில்லை. பந்தி, வேதம் ஓதும் ஒரு குலத்தாருக்கு. ஆமூர் உழவன் வீட்டிலே நண்டு தின்ற பாணன், பாகூர்க் கல்லூரி வாசலுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருப்பான்? பாகூருக்கு வடமேற்கே திரிபுவனையிலே 1048-ல் 260 மாணவர்களுக்கும் 12 ஆசிரியர்களுக்குமாக ஆண்டுக்கு 12,000 கலம் நெல் ஒதுக்கினார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் ஆல்ப்ஸ் கணவாய் ஒன்றிலே பெர்னார்ட் என்ற துறவி, பனியில் அகப்பட்டு வந்தவர் யாரானாலும் சோறும் இடமும் கொடுக்க ஒரு மடம் வைத்தார். அங்கே பசி இருந்தால் போதும். இங்கே பிறப்பும் வேண்டியிருந்தது.

1749-ல் பாகூர் பிரெஞ்சுக்காரருக்குப் போனதையும், 1752-ல் ஆங்கிலேயர் அவர்களை இங்கே முறியடித்ததையும் விட்டுவிடுகிறேன். படைகள் யாருடைய நெல்லைத் தின்றன என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

காசு வாங்கிச் சோறு போடும் கடைகள் வந்தபோது, 'சோற்றை விற்பதா!' என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. கடைக்குள்ளும் தனியிடம், தனிக்குவளை என்று பழைய பந்தி நுழைந்தது. ஹோட்டல் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957-ல் சென்னையிலே பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது.

பெரியவர் காட்டிய கடையிலே இரண்டே பெஞ்சு. வயலிலிருந்து வந்த நாலு பேர், கால் சேறு காயாமல், எனக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். இலை விழுந்தது. ஆமூர் ஞாபகத்திலே, "நண்டு இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டுவைத்தேன்.

"நேத்து வந்திருக்கணும் சார். இன்னிக்கு மீன்தான்" என்றாள் கடைக்கார அம்மாள்.