வாக்களித்தவர் மறைந்த பின்

வாக்களித்தவர் வாழும்வரை அதனைக் காப்பது அவர் கடன். அவர் மறைந்தபின் அக்கடன் எவரைச் சாரும்? நம் குடியாட்சி இவ்வினாவை ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்தது. காய்கறிக் கடையிலும் பள்ளியிலும் தடையின்றி இந்தி பேசும் நம் பிள்ளைகள் அவ்வரலாற்றை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு இந்தியை மத்திய அரசின் ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்திற்குப் பதினைந்தாண்டுத் தவணை தந்தது. தவணை நெருங்க நெருங்க, மத்திய அரசுப் பணிகளில் தம் மக்களின் நிலை யாதாகுமோ என்ற கவலை தென்னாட்டில் மிகுந்தது. 1959 ஆகஸ்ட் 7ஆம் நாள் மக்களவையில் நேரு பெருமகனார் ஓர் உறுதி அளித்தார். மக்கள் வேண்டும் காலமெல்லாம் ஆங்கிலம் துணைமொழியாக நீடிக்கும். அது எதுவரை என்பதை இந்தி பேசாத மக்களே முடிவு செய்வர் என்பது அதன் சாரம்.

ஆனால் 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தில் ஆங்கிலம் 'தொடரலாம்' என்றே எழுதப்பட்டது. ஆங்கில மூலத்தில் 'மே' என்னும் சிறு சொல்; 'ஷல்' அன்று. 'தொடரலாம்' என்பதற்குள் 'தொடராமலும் போகலாம்' என்பதும் அடங்கியிருக்கிறதே என்று தமிழகத்தில் ஐயுற்றனர். இரண்டிற்கும் வேறுபாடில்லை என்பது நேருவின் கருத்து. அவர் வஞ்சித்தார் என்று நான் கருதவில்லை. தம் சொல்லே போதிய காப்பு என்று நம்பிவிட்டார்; அவ்வளவே. 1964 மே 27இல் அவர் மறைந்தார். காப்பும் உடன் மறைந்தது.

1965 சனவரி 26 வந்தது. தமிழகத்து மாணவர் வீதிக்கு வந்தனர். துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். மத்திய அமைச்சர்களாயிருந்த சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் தந்தனர். பிப்ரவரி 11 இரவு பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசினார்; நேருவின் உறுதிமொழிகள் எழுத்திலும் கருத்திலும் காக்கப்படும் என்றார். மறைந்தவரின் சொல்லைத் தம் சொல்லாக ஏற்ற நேர்மை அது. எனினும் அதுவும் வாய்ச்சொல்லே. அடுத்த ஆண்டு சனவரியில் அவரும் மறைந்தார்.

1967 டிசம்பரில், இந்திரா காந்தி அம்மையாரின் ஆட்சியில்தான் சட்டம் திருத்தப்பட்டது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் தீர்மானம் நிறைவேற்றி, அதன்பின் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் தீர்மானித்தாலன்றி, ஆங்கிலத்திற்கு அச்சட்டம் தரும் இடத்தை அகற்றவியலாது. அம்மாநிலங்களுள் ஒன்று இணங்காவிடினும் போதும்.