கைக்குத் தட்டுப்பட்ட 'கடக்'

பிறந்த குழந்தையை டாக்டர் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, தொடைகளை மெதுவா விரித்துப் பார்ப்பதைக் கவனித்திருப்பீங்க. இடுப்பு மூட்டு நழுவுதா என்று பார்க்கும் சோதனை அது. அரை நிமிஷ வேலைதான். இதை எவ்வளவு நம்பலாம் என்று மருத்துவர்கள் தலைமுறை தாண்டி வாதாடியிருக்காங்க என்பது, இதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கதை இத்தாலியில், ஃபெர்ராரா நகரத்தில் தொடங்குது. மரினோ ஒர்டோலானி அங்கே குழந்தை மருத்துவர். குழந்தையைக் கழுவிவிடும்போது இடுப்பில் ஏதோ 'கடக்' என்று தட்டுப்படுது என்று ஒரு தாய் அவரிடம் சொன்னாராம். அவர் அதை அலட்சியப்படுத்தவில்லை. கிண்ணத்தை விட்டு விலகியிருந்த தொடை எலும்பின் தலை, காலை விரிக்கும்போது உள்ளே போய் விழுவதுதான் அந்தக் 'கடக்' என்று 1937-இல் எழுதினார். பிரான்சில் லெ டமானி இதை முன்பே கவனித்திருந்தார். ஆனா பெயர் என்னவோ ஒர்டோலானிக்குத்தான் நின்றது.

1962-இல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பார்லோ என்ற எலும்பு மருத்துவர் இதைத் திருப்பிப் போட்டார். உள்ளே இருக்கும் தலையைப் பின்னால் தள்ளினால் வெளியே நழுவுதா என்று பார்த்தார். 60 குழந்தைகளில் ஒன்றுக்கு மூட்டு தளர்ந்திருந்தது. ஆனா அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருக்கு. அவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்திலேயே தானாகச் சரியாயிடுது. இரண்டு மாதத்துக்குள் 88 சதவீதம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 1000 குழந்தைகளில் சுமார் 17 பேருக்குத் தளர்வு. இரண்டு மாதம் கழித்து மிஞ்சுவது இரண்டு பேர். 17 பேருக்கும் வார்ப்பட்டை மாட்டலாமா? அந்தச் சிகிச்சையால் எலும்புத் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் கெடும் ஆபத்து உண்டு. சும்மா விட்டால், அந்த இரண்டு பேர் விந்தி விந்தி நடப்பாங்க.

1969-இல் பிரிட்டன் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனையைப் பரிந்துரைத்தது. 1998-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு தூக்கிவாரிப் போட்டது. இடுப்பு விலகலுக்காகப் பதிவான 318 குழந்தைகளில் 222 பேரை வழக்கமான சோதனை கண்டுபிடிக்கவே இல்லை. காரணம் புரியாததல்ல. கிண்ணம் ஆழமில்லாமல் இருந்தும் மூட்டு நழுவாவிட்டால் கைக்கு ஒன்றும் தெரியாது. மாதங்கள் போகப் போகத் தசைகள் இறுகி, அந்தக் 'கடக்'கும் மறைஞ்சிடும்.

அமெரிக்காவிலும் இதே இழுபறிதான். 2000-இல் குழந்தை மருத்துவர் சங்கம் தொடர்ந்து பரிசோதிக்கச் சொன்னது. 2006-இல் தடுப்பு மருத்துவக் குழு, எல்லோருக்கும் பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்றது.

அப்போ சோதனை பொய்யா? எனக்கு அப்படித் தோணலை. 'இன்னைக்கு இந்த மூட்டு நழுவுதா?' என்ற கேள்விக்குக் கை சொல்லும் பதில் பெரும்பாலும் உண்மை. 'இந்தக் குழந்தை நாளைக்கு நல்லா நடக்குமா?' என்பது வேற கேள்வி. முதல் பதிலையே இரண்டாவதுக்கும் எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல். அதனால் பிறந்த அன்றைக்கு 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்திருந்தாலும், அடுத்தடுத்த மாதங்களில் இடுப்பை மறுபடி பார்ப்பதில் அர்த்தம் இருக்கு. இந்தக் கதையைத் தொடங்கிவைத்தது டாக்டர் இல்லை, தினமும் பிள்ளையைக் கழுவிவிட்ட ஒரு தாயின் கை என்பதையும் மறந்துடக் கூடாது.