கண்காணி

கண்காணி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் எழும் உருவம் எது, தோழர்களே? தலைப்பாகை, கோட்டு, கையிலே பிரம்பு, மடியிலே கடன் கணக்கு! இலங்கைத் தேயிலைக் காட்டிலே தமிழனை மேய்த்த தமிழன்! அந்த நினைவோடு தமிழ் விவிலியத்தைப் புரட்டினோம், திகைத்தோம். பிலிப்பி நகரத்தாருக்குப் பவுல் எழுதிய கடிதத்தின் வாயிலிலேயே கண்காணிகள் நிற்கிறார்கள். பேதுருவின் பெயரால் வழங்கும் கடிதத்திலோ, ஏசுவே ஆன்மாக்களின் கண்காணி!

வேதத்திலே கங்காணிக்கு என்ன வேலை? கேட்கத்தானே வேண்டும். கேளாமல் தலையாட்டுவது நமக்குப் பழக்கமில்லை.

மூலமொழியாகிய கிரேக்கத்தில் அச்சொல் எப்பிஸ்கோப்போஸ். எப்பி என்றால் மேல். ஸ்கோப்போஸ் என்றால் பார்ப்பவன். மேலிருந்து பார்ப்பவன், மேற்பார்வையாளன், அவ்வளவுதான். அதில் தெய்வத் தன்மை எதுவுமில்லை. கிறித்துவ மதம் பிறப்பதற்கு நாலைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே ஏதென்சு வல்லரசு, தனக்கு அடங்கிய நகரங்களுக்கு அனுப்பிய அதிகாரிகளை அப்பெயரால் அழைத்தது. அந்த அதிகாரி மக்களிடம் பெற்ற மதிப்பு எத்தகையது? கி.மு. 414இல் அரங்கேறிய அரிஸ்டோபேனசின் 'பறவைகள்' நாடகத்தைக் காண்க! வாக்குக் குடங்கள் இரண்டைத் தூக்கிக்கொண்டு ஓர் எப்பிஸ்கோப்போஸ் புது நகருக்கு வருகிறான்; அடி வாங்கிக்கொண்டு ஓடுகிறான். ஏதென்சு மக்கள் கைகொட்டிச் சிரித்திருப்பார்கள்.

புதிய ஏற்பாட்டில் இச்சொல் ஐந்தே இடங்களில் வருகிறது. எபேசு நகர மூப்பர்களை வரவழைத்துப் பேசும் பவுல், அந்த மூப்பர்களையே எப்பிஸ்கோப்போய் என்று பன்மையில் விளிக்கிறார். தீத்துவுக்கு எழுதிய கடிதத்தில் மூப்பரைப் பற்றித் தொடங்கிய பேச்சு, இடையிலே கண்காணியைப் பற்றிய பேச்சாக நழுவுகிறது. இரண்டும் ஒன்றே என்பதால் நழுவுகிறது. ஓர் ஊரில் பலர், ஒருவருக்கொருவர் சமமானவர், சபையின் காரியங்களைப் பார்த்துக்கொண்டவர் என்பதே அங்கே தெரியும் காட்சி. முடியில்லை, அரியணையில்லை.

பிறகு வந்தது மாற்றம். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அந்தியோக்கியா இக்னேசியஸ் எழுதிய கடிதங்களில், ஊருக்கு ஒருவரே கண்காணி. அவருக்குக் கீழே மூப்பர். மூப்பருக்குக் கீழே உதவிக்காரர். அவரின்றிச் சபையில் எதுவும் நடத்தலாகாது! படிகள் முளைத்துவிட்டன. படிகளைக் கண்டால் தமிழனுக்குச் சொல்லவா வேண்டும்? ஆனால் உண்மையை மறைக்க முடியவில்லை. நான்காம் நூற்றாண்டின் பேரறிஞர் செரோம், தொடக்கத்தில் மூப்பரும் கண்காணியும் ஒருவரே என்று எழுதிவைத்தார்.

இங்கிலாந்திலே கதை இன்னும் சுவையானது. பிஷப்பு என்ற ஆங்கிலச் சொல்லே எப்பிஸ்கோப்போஸ் தேய்ந்து வந்ததுதான். 1604இல் பிஷப்புகளின் அதிகாரத்தைக் குறைக்கக் கேட்டவர்களிடம், பிஷப்பு இல்லையேல் மன்னனும் இல்லை என்று சீறினான் முதலாம் ஜேம்ஸ். கோவிலும் கோட்டையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை இவ்வளவு வெளிப்படையாக எந்த மன்னன் சொன்னான்! அவன் ஆணைப்படி 1611இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் ஒரு வேடிக்கை. எபேசு மூப்பர்களைக் குறிக்கும் இடத்தில் மட்டும் அச்சொல் 'மேற்பார்ப்போர்' ஆயிற்று. மற்ற நான்கு இடங்களிலும் 'பிஷப்பு'. மூப்பனும் பிஷப்பும் ஒருவனே என்பது ஆங்கிலம் மட்டும் அறிந்த உழவனுக்குத் தெரியாமல் போயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். திருவள்ளூர் மாவட்டத்திலே, கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கிறது பழவேற்காடு. இச்சொல்லைப் பற்றிய ஐரோப்பியச் சண்டையின் இரு கட்சியும் அங்கே கரையேறின. முதலில் போர்த்துக்கீசியர், அவர்களுடைய சபைக்கு ஆயர் உண்டு. 1606இல் மயிலாப்பூரில் நிறுவப்பட்ட ஆயர் பீடத்துக்கு ஆளை முன்மொழியும் உரிமை போர்த்துக்கல் மன்னனுக்கு இருந்தது. அடுத்து டச்சுக்காரர், 1613இல் கெல்திரியா கோட்டையை எழுப்பினர். அவர்கள் சபையில் பிஷப்பே கிடையாது, மூப்பர் குழுதான். 1637இல் வந்த அவர்களுடைய விவிலியம், மேற்பார்ப்பவனைக் குறிக்கும் சாதாரண டச்சுச் சொல்லையே போட்டது. நேர்மையான மொழிபெயர்ப்பு!

அந்த நேர்மை கோட்டை வாயிலோடு நின்றது. பிஷப்பை வெறுத்த அதே டச்சுக் கும்பெனி, பஞ்சத்தில் விற்கப்பட்ட தமிழரையும் தெலுங்கரையும் பழவேற்காட்டிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தேவியாவுக்கு அனுப்பியது. பிஷப்பு ஒழிந்தால் போதும் என்று எண்ணுவோர் பழவேற்காட்டை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்களை நாம் பாராட்டியே ஆகவேண்டும். 1871இல் நிறைவுபெற்ற போவர் திருப்புதலில் ஐந்து இடங்களிலும் ஒரே சொல், கண்காணி! ஜேம்ஸ் மன்னனின் அறிஞர்கள் செய்யாததை அவர்கள் செய்தனர். சொல்லும் பழஞ்சொல், சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியம் பார்த்தோர்க்கு வழங்கியது. ஆனால் எந்தச் சபையாவது தன் தலைவரைக் கண்காணி என்று கூப்பிட்டதா? இல்லை! சீர்திருத்தச் சபையார் அத்தியட்சர் என்றனர். அதுவும் மேற்பார்ப்பவன்தான், கௌடலியர் நூலில் கள்ளுக்கும் பசுவுக்கும்கூட அத்தியட்சர் உண்டு. ஆனால் வடமொழியாயிற்றே, மதிப்பு ஏறிவிடும்! கத்தோலிக்கர் மேற்றிராணியார் என்றனர். பின்னர் ஆயர் என்ற அழகிய தமிழுக்கு வந்தனர்.

அந்த இருக்கையில் அமர்ந்தவர் யார்? 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். ஆங்கிலிக்கச் சபையில் ஓர் இந்தியர், வெள்ளாளன்விளை அசரியா, ஆயரானது 1912இல். இலத்தீன் கத்தோலிக்கரில் திபூர்சியுஸ் ரோச் தூத்துக்குடி ஆயரானது 1923இல். அதுவரை மேலிருந்து பார்த்த கண் வெள்ளைக் கண்! 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய சபை ஒற்றுமைப் பேச்சு, 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாகக் கனிய இருபத்தெட்டு ஆண்டு பிடித்தது. பெருந்தடையாய் நின்ற கேள்விகளுள் ஒன்று, ஆயர் கை வைக்காத போதகர் போதகர்தாமா என்பது.

வேதத்தில் கண்காணி அச்சேறிய அதே காலத்தில்தான் கங்காணி கண்டிச் சீமைக்கு ஆள்பிடித்தான். தன் ஊரில், தன் உறவில், முன்பணம் கொடுத்துப் பிடித்தான். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாள்தோறும் அவனுக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே காய்ச்சலில் கிடந்தவனை எழுப்பி ஓட்டுவதிலும் அவனுக்கு ஆதாயம் இருந்தது. கடன்தொகையைக் குறித்த துண்டுச் சீட்டோடு கூலிகள் தோட்டம்விட்டுத் தோட்டம் கைமாறினர். 1921இல்தான் சட்டம் அந்தத் துண்டை ஒழித்தது. பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணி! இக்னேசியஸ் கண்டிருந்தால் வியந்திருப்பார்.

இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளில் வடபுலத்துத் தொழிலாளர் ஒப்பந்தக்காரர் பெயரில் வேலை செய்கின்றனர். திருவள்ளூர் வட்டாரச் செங்கற்சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து முன்பணம் கொடுத்து ஆள் கொண்டுவருபவருக்குச் சர்தார் என்று பெயர். ஆலைக்குள்ளே நிற்பவர் சூப்பர்வைசர். இலத்தீனில் அதற்கும் பொருள், மேலிருந்து பார்ப்பவன்.

அதே கும்மிடிப்பூண்டியில் ஈழத்திலிருந்து வந்த தமிழரின் முகாமும் இருக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்வோருள் கங்காணி அழைத்துப்போன மலையகத்தார் வழியினரும் பலர். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களிடம் தந்தை அங்கே பிறந்ததற்கு, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்குச் சான்று கேட்டது. கங்காணியின் ஏட்டில் நாள்தோறும் தலைகளை எண்ணிய கணக்கு இருந்தது. பிறப்புக் கணக்கு இல்லை.