வெளுத்த சாயமும் சிவந்த சாயமும்: கதிரளவிப் படலங்களின் வரலாறு

மருத்துவப் பொருள்களைப் பெட்டியைப் பிரிக்காமலே காமாக் கதிராலோ எலக்ட்ரான் கற்றையாலோ கிருமிநீக்கம் செய்யும் தொழில் 1950களின் பிற்பகுதியில் தொடங்கியது. அதற்கு வழக்கமாகக் கொள்ளப்படும் அளவு 25 கிலோகிரே. ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உட்கவர்ந்தால் அது ஒரு கிரே. கதிரளவை அறிய ஆய்வகங்கள் நம்பிய ஃபிரிக் கரைசலோ சுமார் 400 கிரேயிலேயே எல்லையைத் தொட்டுவிடும். தவிர, நகரும் பெட்டிகளுக்கு நடுவே அதன் கண்ணாடிக் குப்பிகளை வைப்பதும் சிரமம். தொழிற்சாலைக்குத் தேவைப்பட்டது மலிவான, திடமான ஓர் அளவி.

முதல் விடை, கடைகளில் பொட்டலம் கட்டப் பயன்பட்ட நீலச் செலோஃபேனிலிருந்தே கிடைத்தது. கதிர் பட்டால் அதிலுள்ள சாயம் வெளுக்கும். வெளுத்த அளவை ஒளிமானியில் பார்த்தால் உட்கவர்ந்த ஆற்றல் தெரியும். ஹென்லி, ரிச்மன் இருவரும் 1956-இல் இம்முறையை வெளியிட்டனர். ஆனால் காற்றின் ஈரப்பதம் மாறினால் கணக்கும் மாறியது.

பிரிட்டனில் வேறொரு பாதை. போக், டால்ஃபின், ரோட்பிளாட் ஆகியோர் 1958-இல் நிறமற்ற பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் கதிரால் கருமையாவதை அளவீட்டுக்குப் பயன்படுத்தினர். இந்த ரோட்பிளாட்தான் பின்னாளில், 1995-இல், அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். அந்தப் பிளாஸ்டிக்கில் சாயம் சேர்த்து ஹார்வெல் ஆய்வகம் உருவாக்கிய சிவப்புப் பெர்ஸ்பெக்ஸ், 5 முதல் 50 கிலோகிரே வரை அளக்கும். 640 நானோமீட்டர் அலைநீளத்தில் அதன் ஒளித்தடுப்பைப் படிப்பார்கள். ஈரம் புகாதபடி ஒவ்வொரு துண்டும் தனி உறையில் அடைக்கப்பட்டது.

உண்மையான திருப்பம் 1965-இல் அமெரிக்காவில் நேர்ந்தது. தேசியத் தரநிர்ணய அமைப்பின் வில்லியம் மெக்லாஃப்லின், லைமன் சாக்லியுடன் சேர்ந்து, வெளுக்கும் சாயத்தை விட்டு நிறம் பெறும் சாயத்தை முன்வைத்தார். டிரைஃபினைல்மீத்தேன் சயனைடு மூலக்கூறு நிறமற்றது. கதிர் அதன் சயனைடுப் பிணைப்பை அறுக்கும்போது எஞ்சுவது அழுத்தமான சாயம். இதே வேதியியலில்தான் நைலானாலான எஃப்டபிள்யூடி-60 படலம் நீலமாகிறது. டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தில் உருவான பி3 படலம் இளஞ்சிவப்பாகிறது. பிந்தையதன் தடிமன் சுமார் 18 மைக்ரோமீட்டர்தான். படலம் இவ்வளவு மெல்லியதாக இருப்பதால், எலக்ட்ரான்கள் ஒரு பொருளுக்குள் எவ்வளவு ஆழம் செல்கின்றன என்பதை அடுக்கடுக்காக வைத்து அளக்க முடிந்தது. புற ஊதா ஒளியும் இச்சாயத்தைத் தூண்டும். அதனால் படலத்தை வெயிலிலிருந்து காக்க வேண்டும்.

1980களில் வந்த காஃப்குரோமிக் படலங்களில் முன்கூட்டிச் சேர்த்த சாயமே இல்லை. டைஅசெட்டிலின் மூலக்கூறுகள் கதிரால் பலபடியாகி நீலமாகின்றன. 2004-இல் வெளிவந்த ஈபிடி வகை, சில கிரே அளவிலும் பயன்பட்டதால் புற்றுநோய் சிகிச்சைப் பிரிவுகளுக்குள் நுழைந்தது. சாதாரண ஸ்கேனரே அதைப் படிக்கப் போதுமானது. அடுத்த வகையான ஈபிடி2-இல் சாயம் மீண்டும் வந்தது, மஞ்சள் நிறத்தில். இம்முறை அதன் வேலை கதிரை அளப்பதன்று, பூச்சின் தடிமன் வேறுபாட்டைத் திருத்துவது.

ஐம்பது ஆண்டுக்கும் மேலான முன்னேற்றத்துக்குப் பிறகும் ஒரு குறை நீங்கவில்லை. படலத்தின் நிறம் கதிரளவை மட்டும் காட்டுவதில்லை. வெப்பநிலை, ஈரப்பதம், அளப்பதற்குள் கழிந்த நேரம் ஆகியவையும் அதில் பதிகின்றன. எனவே தொழிற்கூடங்களில் சாயப் படலம் அன்றாட அளவியாகவே நிற்கிறது. புதிய தொகுதி வந்ததும், அதை அலனின் போன்ற ஒப்பளவிகளுடன் ஒரே இடத்தில் வைத்துக் கதிரூட்டி, அளவுத்திருத்த வளைகோடு வரைந்த பிறகே பயன்படுத்துகிறார்கள்.