நம்பிக்கை எப்போது இருந்தது?

ஊடகங்களின் மீது மக்கள் நம்பிக்கை இழந்துவிட்டார்கள் என்று இன்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள். விலைபோன தொலைக்காட்சிகள், பெருமுதலாளிகளின் பத்திரிகைகள் எனக் காரணங்களை அடுக்குகிறார்கள். காரணங்கள் சரிதான். ஆனால் இழப்பதற்கு முதலில் அந்த நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். நமக்கு அது எப்போது இருந்தது?

1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ, அதையே இதழின் பெயராக வைத்தார். 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். இந்துவும் சுதேசமித்திரனும் ஏற்கெனவே கோலோச்சிய நகரம் அது. பத்திரிகை இல்லாத ஊரில் அல்ல, நமக்குப் பத்திரிகை இல்லாத ஊரில்தான் இவ்விதழ்கள் பிறந்தன.

பம்பாயிலும் இதே கதைதான். 1920 ஜனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' என்ற மராத்தி இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்று பொருள். கோலாப்பூர் அரசர் சாகு மகராஜ் 2500 ரூபாய் கொடுத்து உதவினார். இதழின் வருகையை அறிவிக்க, திலகர் தொடங்கிய 'கேசரி'யில் விளம்பரம் கேட்டார்கள். காசு தருகிறோம் என்று சொல்லியும் கேசரி மறுத்துவிட்டது. இலவசச் செய்தி கேட்கவில்லை, கட்டண விளம்பரம்தான் கேட்டார்கள். லாபத்தைவிடச் சாதி பெரிதாக இருந்த இடம் அது.

விடுதலைக்குப் பிறகாவது மாறியதா? 1996இல் டெல்லியில் இருந்த வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஒருவர், பேசுவதற்கு ஒரு தலித் பத்திரிகையாளர் கிடைப்பாரா என்று கேட்டார். பத்திரிகையாளர் பி.என். உனியால் தேடிப் பார்த்தார். அரசு அங்கீகாரம் பெற்ற 686 பேரின் பட்டியலை எடுத்தார். 454 பேரின் சாதி பெயரிலேயே இருந்தது; அவர்களில் தலித் எவருமில்லை. மீதிப் பேரில் 47 பேரை விசாரித்தார். அவர்களிலும் இல்லை.

பத்தாண்டு கழித்து, 2006இல், டெல்லியின் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்த 315 பேரைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. அந்த 315 பேரில் ஒரு தலித் இல்லை, ஒரு பழங்குடி இல்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று, மகாராஷ்டிராவின் கயர்லாஞ்சியில் ஒரு தலித் குடும்பத்தின் தாய், மகள், இரு மகன்கள் என நால்வரை ஊரே திரண்டு கொன்றது. பின்னணியில் நிலத்தகராறு இருந்தது, சாதி வன்மம் இருந்தது. தொடக்கத்தில் வந்த செய்திகளோ 'கள்ளத்தொடர்பு' என்று எழுதின. செத்தவளின் ஒழுக்கத்தை விசாரித்தார்கள், கொன்றவனின் சாதியை விசாரிக்கவில்லை. தலித் அமைப்புகள் உண்மையை வெளிக்கொண்டு வந்து, மக்கள் தெருவில் இறங்கிய பிறகே நாடு திரும்பிப் பார்த்தது. செய்தி அறையில் நாம் இல்லாததற்கும் செய்தியில் உண்மை இல்லாததற்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாக யாராலும் காட்ட முடியாது.

இன்று நம் கையில் கைப்பேசி இருக்கிறது. கேசரியிடம் போய் நிற்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பத்திரிகையை நம்பாதவர் வாட்ஸ்அப் வதந்தியை நம்பிவிடுகிறார். அவநம்பிக்கை மட்டும் அரசியல் ஆகாது. நம் முன்னோர் பத்திரிகைகளைத் திட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை, தாங்களே பத்திரிகை நடத்தினார்கள்.

எனவே தோழர்களே, 'இரு தரப்பினர் மோதல்' என்று நாளிதழில் படித்தால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அடித்தது யார், அடிபட்டது யார் என்று கேளுங்கள். முடிந்தால் அந்தச் சேரிக்குப் போங்கள். முதல் தகவல் அறிக்கையில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தேதியோடு, சாட்சியோடு எழுதுங்கள். நம் எழுத்தில் ஒரு தகவல் பொய்யானால், அதைக் காட்டியே நூறு உண்மைகளைப் புதைத்துவிடுவார்கள்.