கணினியில் மூணாறு ரயில்

நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-ல்தான். ஆனால் நாஞ்சில் நாடு அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் மூணாறு மலையில் 1908-லேயே இரண்டடி அகலப் பாதையில் நீராவி ரயில் வந்துவிட்டது. அதற்கு முன் 1902-லிருந்து மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாளம். தேயிலை டாப் ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கும். கொல்லம் ஆண்டு 1099-ல், அதாவது 1924-ல் வந்த பெருவெள்ளம் பாதையை அழித்தது. மறுபடி யாரும் போடவில்லை.

2001-ல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டரிலேயே நாமே பாதை போட வசதி உண்டு. வரைபடமும் பழைய போட்டோக்களும் இருந்தால் மலை, பாலம், என்ஜின் எல்லாம் திரையில் வந்துவிடும். தேயிலைப் பெட்டி சுமந்த தமிழ்த் தொழிலாளர்களையும் அந்த ஸ்டேஷனில் நிறுத்தினால்தான் அது வரலாறு. இல்லையென்றால் வெறும் விளையாட்டுதான்.