செகண்ட் ஹேண்ட் காரும் ராமேஸ்வரம் சாலையும்

புதிய காரை விடப் பழைய கார் மலிவு என்பது இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே விலை இறங்கிவிடுகிறது. ஆனால் நம் நாட்டில் ஏறக்குறைய முப்பது ஆண்டு காலம் இந்த விதி தலைகீழாக இருந்தது. ஓரிரு வருடம் ஓடிய ஃபியட் காருக்கு, கம்பெனி விலையை விடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கியவர்கள் இருந்தார்கள். வாங்கியவர் ஏமாளி அல்ல, விற்றவர் திருடரும் அல்ல. காலம் அப்படி.

அந்தக் காலத்தில் ஒரு நடுத்தரக் குடும்பம் தன் கைக்கு எட்டிய விலையில் ஒரு பழைய காரை வாங்கி, அதை நம்பி ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் போய்த் திரும்புவதென்றால் எப்படித் தேர்ந்தெடுத்தது? இந்தக் கதை நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. நமக்கும் மறந்து வருகிறது.

முதலில் பின்னணி. சுதந்திரத்துக்கு முன்பும் அதன் பிறகு சில வருடங்களும் அமெரிக்கக் கார்களும் ஆங்கிலேயக் கார்களும் இங்கே தாராளமாக வந்தன. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற கம்பெனிகள் பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து இங்கேயே பூட்டி விற்றன. 1953-இல் டாரிஃப் கமிஷன் பரிந்துரையை ஏற்று, உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் உள்ளவர்களுக்குத்தான் இனி அனுமதி என்று அரசு முடிவெடுத்தது. வெறுமனே பூட்டி விற்றவர்கள் ஓரிரு வருடங்களில் கடையைக் கட்டினார்கள்.

மிஞ்சியவை மூன்று. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் பிர்லா குடும்பத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ்; மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் அச்சில் வார்த்த அம்பாசடர் அவர்களுடையது. பம்பாய் குர்லாவில் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். ஃபியட் 1100, பிற்பாடு பிரீமியர் பத்மினி. மூன்றாவது நம்ம ஊர்: வண்டலூர் பக்கத்து ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ். ஜி.எஸ்.டி. ரோட்டில் போனவர்களுக்கு அந்தத் தொழிற்சாலை நினைவிருக்கும். ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட், 1961 முதல் ஹெரால்டு, எழுபதுகளில் கெசல் எல்லாம் அங்கே பிறந்தவை.

மூன்று கம்பெனிகள், எண்ணி வைத்த உற்பத்தி, அரசு நிர்ணயித்த விலை. பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1959-இல் கார் விநியோகத்துக்கும் விற்பனைக்கும் என்றே தனிக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. இவ்வளவு கட்டுப்பாடு இருந்தால் என்ன ஆகும்? கம்பெனி விலை ஒன்று, சந்தை விலை ஒன்று. காத்திருக்க முடியாதவர் பழைய வண்டிக்கு 'ஆன்' கொடுத்து வாங்கினார். ஓடும் நிலையில் உள்ள எந்தக் காருக்கும் ஒரு விலை இருந்தது. பதினைந்து வருடத்து வண்டியை யாரும் கிழவன் என்று ஒதுக்கவில்லை.

பழைய கார்கள் எங்கிருந்து வந்தன? ஹிந்து பேப்பரின் வரி விளம்பரங்களில் 'டாக்டர் ஓட்டியது, ஒரே ஓனர்' என்று போட்டால் மதிப்பு அதிகம். டாக்டர் பக்குவமாக ஓட்டுவார், வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் போவார் என்று நம்பிக்கை. அரசாங்க இலாகாக்கள் கழித்துவிட்டு ஏலம் போட்ட அம்பாசடர்கள் வந்தன. தூதரகக்காரர்கள் விட்டுப்போன வெளிநாட்டுக் கார்களை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் விற்றது. அது பெரிய பணக்காரர்கள் சமாசாரம். டாக்ஸியாக ஓடி, டி போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாறிய வண்டிகளும் உண்டு. மஞ்சள் கூரையின் மேல் புது பெயின்ட் ஏறியிருக்கும். கதவின் உள்மடிப்பைத் திறந்து பார்த்தால் பழைய நிறம் எட்டிப் பார்க்கும்.

எங்கள் குடும்பத்தில் 1976-இல் பெரியப்பாவும் அவருடைய இரண்டு தம்பிகளும் சேர்ந்து பணம் போட்டு ஒரு கார் வாங்குவதென்று முடிவெடுத்தார்கள். பாட்டிக்கு எழுபத்திரண்டு வயது. ராமேஸ்வரம் போக வேண்டும், அப்படியே கன்னியாகுமரியும் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம் திறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. போய் வந்தவர்கள் சொல்லிச் சொல்லி அந்த ஆசையை வளர்த்துவிட்டார்கள். ரயிலில் ஏறி இறங்கிப் பெட்டி படுக்கையோடு அலைய பாட்டிக்கு முடியாது. சென்னையிலிருந்து போக வர 1,500 கிலோமீட்டருக்குக் குறையாது.

கைவசம் இருந்த பணத்துக்கு மூன்று வண்டிகள் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு நியாயம் இருந்தது.

ஃபியட் 1089 சி.சி. கைக்கு அடக்கம், ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர், பெட்ரோல் சிக்கனம். 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய்க்குப் பூட்டு போட்ட பிறகு பெட்ரோல் விலை எல்லோரையும் உலுக்கியிருந்தது. பெரியப்பா காகிதத்தில் கணக்குப் போட்டார். அம்பாசடர் லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுத்தால் 1,500 கிலோமீட்டருக்கு 167 லிட்டர். ஃபியட் 12 கொடுத்தால் 125 லிட்டர். நாற்பது லிட்டர் மிச்சம். ஆனால் அந்தச் சிக்கனத்தை விற்பவரும் அறிவார். அதே வயதுள்ள அம்பாசடரை விட ஃபியட் விலை கூடுதல். மூன்று வருடம் ஓடினால்தான் வித்தியாசம் ஈடுகட்டும் என்று கணக்கு சொன்னது.

ஹெரால்டு 948 சி.சி. பார்க்க அழகு. முன்பக்கத்து மூடி மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்னால் சாயும். என்ஜினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். விலையும் சகாயம். ஆனால் பின்பக்கம் குறுக்கே ஒரே ஒரு ஸ்பிரிங் கட்டு. ஆட்களும் மூட்டையும் ஏறினால் பின்புறம் தாழ்ந்து சக்கரம் அகட்டி நிற்கும் என்று பட்டறைகளில் பேச்சு. நகரத்துக்குள் ஓடும்போது அது குறையே இல்லை. ஆறு பேர் ராமேஸ்வரம் போகும்போது அதுதான் முதல் கேள்வி.

அம்பாசடர் 1489 சி.சி. கனம், பெட்ரோல் தாகம், ஸ்டீயரிங் திருப்பத் தோள் வலிக்கும். முன்னால் மூன்று பேர், பின்னால் நாலு பேர் உட்காரலாம். டிக்கியில் ஒரு வாரத்துச் சாமான் அடங்கும்.

பெரியப்பா மனசு ஹெரால்டு பக்கம்தான் சாய்ந்தது. வண்டியும் சுத்தமாக இருந்தது. புதுப்பேட்டையில் பழக்கமான மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "அய்யா, நல்ல வண்டிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா பரமக்குடியில நின்னுட்டா யாரு பார்ப்பா?" என்று கேட்டார்.

அந்தக் காலத்துப் பழைய கார் தேர்வு முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும். வண்டி எவ்வளவு உறுதி என்பது இரண்டாம் கேள்விதான். போகிற வழியில் அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்பதுதான் முதல் கேள்வி. கலெக்டர் ஆபீசிலும் டாக்ஸி ஸ்டாண்டிலும் அம்பாசடர் நின்றதால், தாலுகா தலைநகர் ஒவ்வொன்றிலும் அதைப் பிரித்துப் பூட்டிய கை ஒன்று இருந்தது. பாகமும் கிடைத்தது. கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து கொடுத்தார்கள். மவுன்ட் ரோடு, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை என்று சென்னைக்குள் எந்தக் காருக்கும் உதிரி பாகம் கிடைக்கும். செங்கல்பட்டு தாண்டினால் அது உங்கள் ரேடியேட்டரின் முன்னால் எந்தப் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கடைசியில் 1964-ஆம் வருடத்து அம்பாசடர் ஒன்று முடிவானது. அந்த மெக்கானிக் பார்த்த விதத்தை இப்போதும் சொல்ல முடியும். காலையில், சொல்லாமல் போனார்; முதலில் பானெட்டில் கை வைத்தார். சூடாக இருந்தால் விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று பொருள். குளிர்ந்த என்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் உண்மை தெரியும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் புகை வருகிறதா என்று பார்த்தார்; குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் குடிக்கும் வண்டி. கதவையும் மட்கார்டையும் விரல் முட்டியால் தட்டினார். தகரச் சத்தம் வந்தால் தகரம், மந்தமாகக் கேட்டால் பட்டி. மிதியடியைத் தூக்கித் தரையைப் பார்த்தார். அம்பாசடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, அடித்தகரம் துருப்பிடித்தால் வண்டியே போச்சு. அதனால்தான் கடலோரத்து வண்டியை விடக் கோயமுத்தூர்ப் பக்கத்து வண்டிக்கு மவுசு. கிலோமீட்டர் முள்ளை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. ஐந்து இலக்கம்தான், 99,999-க்குப் பிறகு மறுபடி பூஜ்யம். எத்தனை முறை சுற்றியதோ!

எல்லாவற்றுக்கும் கடைசியில் ஆர்.சி. புத்தகம். அதிலுள்ள என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் வெட்டியிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். பிற்காலத்தில் அம்பாசடரில் மெடடார் வேன் டீசல் என்ஜினை மாற்றிப் பொருத்துவது பரவியபோது இந்தச் சோதனை இன்னும் முக்கியமானது. புத்தகத்தில் ஏற்றாத என்ஜின் என்றால் வாங்கியவர் தலையில் வம்பு.

பயணம் நடந்தது. ஃபேன் பெல்ட், பிளாட்டினம் பாயிண்ட், கண்டென்சர், பிளக் இரண்டு, தண்ணீர் கேன், கோணித்துணி எல்லாம் டிக்கியில். கோணித்துணி எதற்கு? கோடை மத்தியானத்தில் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்து வண்டி நின்றால், பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து டிரைவர் எல்லோரும் அறிந்த வைத்தியம். மானாமதுரைக்கு முன்னால் ஒரு பெரிய குழியில் இறங்கி, பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை உடைந்தது. மானாமதுரையில் லாரிக்கு வேலை பார்க்கும் கொல்லுப் பட்டறையில், பழைய பட்டை ஒன்றை வெட்டி, காய்ச்சி வளைத்துப் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று மணி நேரம். பாட்டி பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுத்துத் தூங்கி எழுந்தார். மண்டபத்தில் காரை நிறுத்திவிட்டு ரயிலேறித்தான் தீவுக்குப் போனோம். பாம்பன் சாலைப் பாலம் 1988 அக்டோபரில்தான் திறந்தது.

'அந்தக் காலத்து வண்டி இரும்பு மாதிரி' என்று நம் வயதுக்காரர்கள் சொல்லிக்கொள்கிறோம். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. அந்த வண்டிகள் அடிக்கடி நின்றன. ஆயிரம் ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டியிருந்தது. உறுதியாக இருந்தது வழியிலிருந்த மனிதர்களின் கைவேலை. கம்பெனி செய்யாமல் விட்டதை சாலையோரத்துப் பட்டறைகள் செய்து முடித்தன. போட்டி இல்லாததால் கம்பெனிக்கு வண்டியைத் திருத்த அவசரம் இல்லை. அதற்கான விலையை வாங்கியவர்கள் கொடுத்தார்கள். ஒரே வண்டி பல்லாண்டு மாறாமல் வந்ததால்தான் எல்லா ஊரிலும் அதைக் கற்றுக்கொள்ள முடிந்தது என்பதும் உண்மை. நன்மையும் தீமையும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை.

1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 796 சி.சி., மூன்றே சிலிண்டர். 'தகர டப்பா, மலை ஏறாது' என்று பட்டறைகளில் கிண்டல் செய்தார்கள். ஆனால் அந்த டப்பா நடுவழியில் நிற்காமல் போனது. 'பரமக்குடியில் யார் பார்ப்பார்' என்ற கேள்வியின் கூர்மை அன்றுதான் மழுங்கத் தொடங்கியது. 1993-இல் கார் உற்பத்திக்கு லைசென்ஸ் தேவை இல்லை என்றானது. ஐம்பதுகளில் இந்தியாவை விட்டுப் போன ஃபோர்டு, தொண்ணூறுகளில் அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் மறைமலை நகருக்கு வந்து சேர்ந்தது, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். புது வண்டி தாராளமாகக் கிடைத்ததும் பழைய வண்டியின் விலை அதன் இயற்கையான இடத்துக்கு இறங்கியது. அம்பாசடர் 2014 மே மாதம் நின்றது.

இன்று நம் பிள்ளைகள் பழைய கார் எடுத்து நீண்ட பயணம் கிளம்பினால், கம்ப்யூட்டரில் படம் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தப்பில்லை. ஆனாலும் அந்த மெக்கானிக் கேட்ட கேள்வி காலாவதி ஆகவில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று, கம்பெனியே நாட்டை விட்டுப் போய்விட்ட ஒரு வண்டியை வாங்குமுன், போகிற வழியில் அதைத் தொட யார் இருக்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதான டயரை நம்பி வெயிலில் நானூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டாம். ஆர்.சி.யில் கடன் பாக்கி பதிவாகி இருக்கிறதா என்று பார்க்கட்டும், இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் தங்கள் பெயருக்கு மாற்றட்டும். குளிர்ந்த பானெட்டில் ஒருமுறை கை வைத்துப் பார்க்கவும் சொல்லிக் கொடுங்கள். அதற்கு இன்னும் எந்தக் கருவியும் மாற்றாக வரவில்லை.